நேரில் அறிவேன்

எம்.ஏ.வில் நான் தத்துவம் எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. பொருளாதாரத்தில் இடம் கிடைக்கவில்லை, ஆங்கிலத்திலும் கிடைக்கவில்லை, தத்துவத்தில் கிடைத்தது. "அதைப் படிச்சு என்ன பண்ணுவே?" என்று அப்பா கேட்டார். எனக்கும் தெரியவில்லை. படித்து முடித்து இரண்டு வருடம் கோயம்புத்தூரில் வீட்டோடு இருந்த பிறகு ஊட்டியில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. அதோடு அப்பா கேட்பதை விட்டுவிட்டார்.

எழுபதுகளின் பின்பாதி அது. வரலாறு படிக்கிறவர்களுக்குத் துணைப்பாடமாக ஒரு தாள் வைத்திருந்தார்கள். 'தத்துவ அறிமுகம்' என்று பெயர். தமிழ்வழி வகுப்பு. ஆனால் தமிழில் சரியான புத்தகம் இல்லை. சனி, ஞாயிறுகளில் வாடகை அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் குறிப்பு எழுதுவேன். திங்கட்கிழமை அதைச் சொல்வேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். சமவெளியிலிருந்து வந்த உடம்பு எனக்கு. முதல் குளிர்காலத்தில் விரல்கள் வீங்கிச் சிவந்து, சாக்பீஸைக்கூடப் பிடிக்க முடியாமல் போனது.

வகுப்பில் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், நிற்கும். பத்து மணிக்கு இருக்கும், பத்தரைக்கு மூடுபனியில் காணாமல் போய்விடும். "இப்போது அந்த மரம் அங்கே இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கோத்தகிரிப் பக்கத்துப் படகர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "அது எங்க மாமா ஏலத்துல எடுத்த மரம் மிஸ். இல்லாம எங்க போகும்?" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு கரும்பலகையில் எழுதினேன். ஒன்றை நம்ப வேண்டும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். அப்படி நம்புவதற்குத் தக்க ஆதாரமும் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் 'எனக்குத் தெரியும்' என்று சொல்லலாம்.

அன்றைக்கு இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "மிஸ், ஆதாரமெல்லாம் சரியா இருந்து, விஷயம் மட்டும் பொய்யா இருந்தா?"

"அப்போது அது அறிவு ஆகாது. வெறும் நம்பிக்கைதான்."

"ஆனா எல்லாரும் அதைத்தான மிஸ் ஏத்துக்குவாங்க?"

நல்ல கேள்வி என்று பாராட்டினேன். அவளைப் பற்றி அதற்குமுன் எனக்கிருந்த எண்ணம், கவனமில்லாத பெண் என்பது. வருகைப் பதிவேட்டில் பெயரைக் கூப்பிட்டால் சட்டென்று பதில் வராது. பக்கத்திலிருப்பவள் முழங்கையால் இடிப்பாள், அதற்குப் பிறகு "உள்ளேன் மிஸ்" என்பாள். சிலோனிலிருந்து வந்த குடும்பம். அப்பா ஓர் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். தாயகம் திரும்பியோர் பிள்ளைகள் என்று பதிவேட்டில் தனியாகக் குறித்திருந்த நாலைந்து பேரில் அவளும் ஒருத்தி. நான் அந்த வகுப்புக்குப் பொறுப்பாசிரியை. அதனால் அவர்களுடைய சான்றிதழ்கள், உதவித்தொகைத் தாள்கள் எல்லாம் என் கையெழுத்துக்கு வரும்.

இன்னொரு வாரம் 'அதே ஆள்' என்றால் என்ன என்று ஒரு பாடம். குழந்தையாக இருந்தவனும் கிழவனாக ஆனவனும் ஒரே ஆள் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? உடம்பா, நினைவா? ஒருவன் "பேர் மிஸ்" என்றான். பெயரை மாற்றிக்கொள்ளலாமே, ஆள் மாறிவிடுவானா என்று கேட்டு அவனை உட்கார வைத்தேன். அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அந்தப் பெண் ஆசிரியர் அறைக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"மிஸ், ஒரு ஆளோட பேர எடுத்து இன்னொரு ஆளுக்குப் போட்டுட்டா, யார் இருக்கறதா அர்த்தம்?"

பாடத்தில்தான் சந்தேகம் என்று நினைத்தேன். "மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிற ஆள் யாரோ, அவர் இருக்கிறார்" என்றேன்.

"அப்ப நான்தான் இருக்கேன். எங்க அக்கா இல்ல" என்றாள்.

அதன் பிறகு அவள் சொன்னதை நான் முன்னும் பின்னுமாகக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். இந்தியாவுக்குப் போகிறோம் என்று அவள் அப்பா அங்கே எழுதிப் போட்டபோது இரண்டு பெண்கள். மூத்தவளுக்குத் தோட்டத்துப் பிறப்புப் பத்திரம் இருந்தது. இளையவள் பிறந்ததை யாரும் பதியவில்லை. பத்திரம் உள்ள பிள்ளையை மட்டும் எழுதினால் காரியம் சீக்கிரம் முடியும் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் சொன்னாராம். அம்மாவையும் சேர்க்க முடியவில்லை. கல்யாணத்தைப் பதிந்திருக்கவில்லை. அம்மாவுக்குத் தனியாக எழுதிப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். தாள்கள் வந்துசேர மூன்று வருடம் ஆனது. அதற்குள் மூத்தவள் காய்ச்சலில் போய்விட்டாள். வந்த பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் இறந்துபோன பெண்ணின் பெயரும் இருந்தன. உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு இடமில்லை.

"இனிமே உன்னை இப்படித்தான் கூப்பிடுவேன், திரும்பிப் பாக்கணும்னு அப்பா கப்பல்ல வரும்போது சொல்லிக் குடுத்தாரு மிஸ். ராமேஸ்வரம் வர்ற வரைக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாரு."

அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அம்மா அங்கேயே தன் தம்பி வீட்டில், தோட்டத்து வரிசை வீடான லயத்தில், தங்கிவிட்டாள். ஆறு மாதத்தில் வந்துவிடலாம் என்று பேச்சு. ஏழு வருடம் ஆகியிருந்தது.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ ஆறுதல் சொல்லியிருப்பேன். அவள் போன பிறகு டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு, சாப்பிடாமலே மூடினேன். அவளை வகுப்பில் இனி எப்படிக் கூப்பிடுவது என்பதே எனக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. பதிவேட்டில் இருக்கிற பெயரைத்தான் கூப்பிட்டேன். வேறு வழியில்லை.

தை பிறந்த சமயம், தாலுகா ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி கல்லூரிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், மப்ளர் சுற்றியிருந்தார். பேச்சைக் கேட்டதுமே எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. பிரின்ஸ்பால் அவரை என்னிடம் அனுப்பியிருந்தார்.

"ஏனுங்க மேடம், உங்க கிளாஸ்ல ஒரு சிலோன் பொண்ணு இருக்குதுங்களா?" என்று ஆரம்பித்து, கையிலிருந்த தாள்கட்டைப் பிரித்தார்.

அந்தப் பெண்ணின் அம்மா சிலோனிலிருந்து மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறாள். விண்ணப்பப் பாரத்தில் பிள்ளைகள் விவரம் கேட்டிருக்கிறார்கள். மூத்தவள் இறந்துவிட்டாள், இளையவள் இந்தியாவில் அப்பாவோடு இருக்கிறாள் என்று உள்ளதைச் சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டாள். தாயகம் திரும்பியோருக்கு இங்கே கொடுத்த குடும்ப அட்டையிலோ மூத்தவள் உயிரோடு இருக்கிறாள், இளையவள் என்று ஒருத்தி பிறக்கவே இல்லை.

"அப்பங்காரரைக் கேட்டனுங்க. அட்டையில இருக்கறதுதான் எம்புள்ளைங்கறாரு. அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டீங்கறாரு. பொண்ணும் அதேதான் சொல்லுது. அப்பறம் அந்தம்மா யாரு, எவரோன்னு ஆயிருதுங்களே."

"இதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாலு வரி எழுதிக் குடுங்க. இந்தப் பொண்ணு இன்னாரு, இந்த அம்மாவோட மகள், நான் நேரில் அறிவேன்னு. அட்டையில இருக்கற பேரையே போடுங்க. பாரத்துல எழுதினவன் ரெண்டு புள்ளைங்க பேரையும் மாத்தி எழுதிப்போட்டான்னு நான் குறிப்புப் போட்டு மேல அனுப்பிடறேன். பாவமுங்க. ஏழு வருசம்."

அந்த மனிதருக்கு உண்மை தெரிந்திருக்குமோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. மூன்று நாள் அவகாசம் கேட்டேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர்கள் தோட்டத்துக்குப் போனேன். ரோட்டிலிருந்து அரை மைல் இறக்கம். வரிசையாக வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி. அவள் அப்பா மெலிந்த மனிதர், என்னைவிடக் குள்ளம். என்னை உட்காரச் சொல்லி முக்காலியைப் போட்டுவிட்டு, அவர் நின்றுகொண்டே இருந்தார். மகள் பால் இல்லாத தேநீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து பாத்திரச் சத்தம்கூட வரவில்லை.

"உள்ளதைச் சொல்லிவிட்டால் என்னங்க? ஆபீசர் நல்லவராகத் தெரிகிறார்" என்றேன்.

"டீச்சரம்மா, வேலையும் இந்த வீடும் அந்த அட்டைய வச்சுத்தான் குடுத்தாங்க. பொய் அட்டைன்னு சொல்லி மேல் பிரிவுல ஒரு குடும்பத்தையே வெளிய போகச் சொல்லிட்டாங்களாம். புள்ள படிச்ச படிப்பும் அந்தப் பேருலதான். நான் வாயத் தொறந்தா எல்லாம் போயிரும்."

"அவங்க அம்மா?"

அவர் என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். "அவ பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பொய்ய மட்டும் அவளால சொல்ல முடியல. செத்த புள்ள இருக்குன்னுகூடச் சொல்லிருவா. இருக்கற புள்ளைய இல்லைன்னு எப்படிச் சொல்லுவா?"

மேல் பிரிவில் ஒரு குடும்பத்தை வெளியேற்றியது நிஜமா, வெறும் பேச்சா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் பயம் நிஜம். பஸ் ஏற்றிவிட அந்தப் பெண் மேடு ஏறி என்கூட வந்தாள். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன்.

"எந்தப் பேர எழுதுனாலும் சரி மிஸ். அம்மா வந்தாப் போதும்."

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். முதலில் அதிகாரி சொன்னபடியே எழுதினேன். 'இப்பெண்ணையும் இவர் பெற்றோரையும் நேரில் அறிவேன்' என்று எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். அந்தத் தாயை நான் பார்த்ததே இல்லை. பெண்ணுக்குப் போட்ட பெயரோ செத்துப்போன பிள்ளையுடையது. ஒரு வரியில் இரண்டு பொய். கிழித்தேன். பிறகு உண்மையை முழுக்க எழுதினேன். அந்த மெலிந்த மனிதர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது கண்ணில் நின்றது. அதையும் கிழித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: 'மேற்கண்ட பெயரில் இக்கல்லூரியில் பயிலும் மாணவியை ஒன்றரை ஆண்டுகளாக அறிவேன். அதற்கு முந்தைய விவரங்கள் எதையும் நான் நேரில் அறியேன்.'

இதில் பொய்யே இல்லை என்று தோன்றியது. அவள் சொன்னது அவள் வாயால் கேட்டதுதானே, நான் பார்த்ததில்லையே. யாருக்கும் கெடுதல் இல்லாமல் எழுதிவிட்டதாகக்கூட ஒரு நிம்மதி. வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதியதற்கும் இதற்கும் முரண்பாடு கிடையாது. ஆனால் அதுமட்டும் காரணமில்லை. நான் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். பொய்ச் சான்று கொடுத்தாள் என்று எழுத்தில் வந்தால் என் வேலை போய்விடும் என்ற எண்ணம் மூன்று நாளும் என்னை விடவில்லை. அதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அதிகாரி அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார். ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாள்கட்டோடு சேர்த்துக்கொண்டார்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கிய முதல் வாரம், மழை பிடித்துக்கொண்டிருந்தது. வராந்தாவில் அவள் எனக்காக நின்றாள். மாமா எழுதிய நீலநிறக் கடிதம் கையில் இருந்தது. அம்மாவின் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதாம். மகள் என்று சொல்லப்படுபவர் யார் என்பது உறுதிப்படவில்லை, பொறுப்பாசிரியையும் அறியேன் என்று எழுதியிருக்கிறார் என்று அங்கே வாசித்துச் சொன்னார்களாம்.

"மிஸ், உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன்.

"அப்புறம் ஏன் மிஸ் தெரியாதுன்னு எழுதுனீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே குரல். என்னிடம் பதில் இருந்தது. ஒருவர் சொல்லிக் கேட்பதும் நேரில் அறிவதும் வேறு என்று அவளுக்கே நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். மழைத் தண்ணீர் அவள் செருப்பு வாரில் சொட்டிக்கொண்டிருந்தது. மணியடித்தது. "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்குப் போனாள்.

அந்த வாரமே தாலுகா ஆபீசுக்குப் போனேன். மப்ளர்காரருக்கு மாற்றலாகி, அவர் கீழே சமவெளிக்குப் போயிருந்தார். புதிதாக வந்தவர் இளவயது, சட்டம் தெரிந்தவர். இந்த முறை எதுவானாலும் ஆகட்டும் என்று, முதல் அதிகாரி கேட்டபடியே எழுதி எடுத்துப் போயிருந்தேன். இந்தப் பெண் இந்த அம்மாவின் மகள், நேரில் அறிவேன் என்று. அவர் பழைய கட்டை எடுத்து என் முதல் தாளைத் திருப்பிப் பக்கத்தில் வைத்தார்.

"ஜனவரியில அறியேன்னு எழுதியிருக்கீங்க. இப்ப அறிவேன்னு எழுதறீங்க. இந்த ஆறு மாசத்துல புதுசா என்ன மேடம் தெரிஞ்சுது?"

புதிதாக எதுவும் தெரியவில்லை. ஜனவரியில் தெரிந்ததுதான் இப்போதும் தெரியும். அதைச் சொன்னால் அன்றைக்கு எழுதியது பொய் என்றாகும், சொல்லாவிட்டால் இன்றைக்கு எழுதியது பொய் என்றாகும்.

"நான் எதை எடுத்துக்கறது, சொல்லுங்க. ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் இருக்குது."

அவர் மீது தப்பில்லை. மரியாதையாகத்தான் பேசினார். இரண்டாவது தாளை நீங்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவது நல்லது, இல்லாவிட்டால் உங்களுக்குத்தான் சிக்கல் என்று அவரே எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து அதை என்ன செய்தேன் என்று நினைவில்லை.

அந்தப் பெண் படிப்பை விடவில்லை. விட்டுவிடுவாள், என் வகுப்புக்காவது வராமல் இருப்பாள் என்று பயந்தேன். அவள் ஒரு நாளும் தவறவில்லை. ஆனால் கேள்வி கேட்பது நின்றுவிட்டது. நான் சொல்கிற குறிப்பைத் தலை குனிந்தபடி எழுதிக்கொள்வாள். தேர்வில் அந்தத் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டிய இடத்தில் நான் மதிப்பெண்ணை மட்டும் வாசித்தேன். பட்டத்தையும் அக்கா பெயரில் வாங்கிக்கொண்டு போனாள்.

அவளுக்காக நான் அங்கும் இங்கும் எழுதிப் பார்த்தேன். சில கடிதங்களுக்குப் பதில் வந்தது, 'உரிய அலுவலகத்தை அணுகவும்' என்று. உரிய அலுவலகத்தில் என் தாள் இருந்தது.

பிறகு சிலோனில் கலவரம் வெடித்து நிலைமை மோசமாகி, கப்பலும் நின்றுபோனது. இனி யார் நினைத்தாலும் எழுதிப் போட்டு வரவழைக்க முடியாது என்று செய்தித்தாளில் படித்த அன்று எனக்கு வந்த முதல் உணர்ச்சி, வெட்கத்தோடுதான் சொல்கிறேன், ஒருவித ஆசுவாசம். இனி என் கையில் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது எத்தனை கேவலமான ஆசுவாசம் என்று உறைத்தது.

அதற்கும் சில வருடங்கள் கழித்துக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். மார்க்கெட்டில் கேரட்டும் பீன்ஸும் வாங்கிக்கொண்டு ஊட்டி பஸ்ஸுக்கு நின்றேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு அவளே வந்து "மிஸ்" என்றாள். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் வேலை, கல்யாணமாகி நாலு வருடம், வீட்டுக்காரரும் அங்கிருந்து வந்தவர்தான். அப்பா அவர்களோடுதான் இருக்கிறார், இருமல் மட்டும் விடுவதில்லை. எல்லாம் நன்றாகத்தான் சொன்னாள். குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அம்மா?"

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "லெட்டர் வந்து ரெண்டு வருசமாச்சு மிஸ். மாமா வீடு எரிஞ்சதா ஒருத்தர் சொன்னாங்க. இல்ல, முன்னாடியே வேற தோட்டத்துக்குப் போயிட்டாங்கன்னு இன்னொருத்தர் சொன்னாங்க." பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு, "இருக்காங்கன்னுதான் நம்புறேன்" என்றாள்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. இருப்பார்கள், கண்டிப்பாக இருப்பார்கள் என்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். என்னால் அதைக்கூடச் சொல்ல முடியவில்லை. கோத்தகிரி பஸ் வந்துவிட்டது. அவள் கூட்டத்தில் முண்டியடித்து ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.